டேங்க் மேல ஒம்போது நிமிஷம்

போர்டு பாத்துட்டுதானே மேல ஏறி வந்தே? "நவநீதம் தையல் வகுப்பு, மாடியில்"னு போட்டிருக்கும். நான்தான் எழுத வெச்சேன். மாடி இதான். இன்னாடா இது, மிஷினைப் பாக்க வந்தா புறாவா இருக்குதேன்னு முழிக்கிறே, இல்ல? முழிக்காத. எல்லாரும் இப்படித்தான் முழிக்கிறாங்க. ஒக்காரு கண்ணு. அந்த மூட்டை மேல வேணாம், அது கம்பு. இந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கோ. இன்னா ஏதுன்னு கேட்டுட்டு, அப்பால சேரலாமா வேணாமான்னு நீயே முடிவு பண்ணு.

மொதல்லயே சொல்லிடுறேன், எனக்குப் புறா புடிக்காது. கல்யாணம் ஆன நாள்ல இருந்து புடிக்காது. எல்லாம் எங்க வூட்டுக்காரரோட பைத்தியம். தேசிங்குன்னு பேரு. பேரைச் சொல்றேனேன்னு பாக்காத, சொன்னா இன்னா, ஆயுசா கொறஞ்சிடும்? லேத் பட்டறையில வேலை. காலைல எட்டு மணிக்குப் போனா சாயந்திரம் ஆறு மணி. இருக்கிறது எல்லாம் ஹோமரு. ஹோமருன்னா, எந்த ஊர்ல கொண்டு போய் அவுத்து விட்டாலும் தன் கூண்டைத் தேடிக்கினு திரும்பி வர்ற ஜாதி. தையிலயிருந்து பங்குனி வரைக்கும் இதுங்களுக்கு ரேஸு. லாரியில ஏத்திக்கினு போய், ஆந்திரா பக்கம் ஏதாவது ஒரு ஊர்ல விடிய சொல்ல, பொழுது வெளுக்குறப்பவே, அவுத்து விடுவாங்க. எவன் வூட்டுப் புறா வேகமா வந்து சேருதோ அவனுக்குக் கப்பு. வியாசர்பாடி, ராயபுரம், பெரம்பூர்னு நாப்பது ஆம்பளைங்க இதே பொழப்பா ஞாயித்துக்கிழமை மாடியில நின்னு வானத்தைப் பாத்துக்கினு இருப்பாங்க. பொண்டாட்டி மொகத்தை அப்படி ஒரு நாள் பாத்திருப்பானா?

எனக்கு வேண்டியது இன்னான்னா, இந்த மாடி. பதினோரு வருஷமா கீழ சமையக்கட்டுக்குப் பக்கத்துல, நடையில மிஷினைப் போட்டுத் தைக்கிறேன். முதுகுல அடுப்பு, மூஞ்சியில சுவரு. துணியை விரிச்சு நேரா ஒரு சாக்பீஸ் கோடு போட எடம் கெடையாது. கட்டில் மேல விரிச்சு வெட்டினா மெத்தையும் சேந்து வெட்டுப்படுது. மாடி கெடச்சா நாலு மிஷின் போடலாம், நாலு பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுக்கலாம். நான் இன்னா அரண்மனையா கேட்டேன்?

சரி, சண்டை எப்படி வந்துச்சுன்னு கேளு. இதோ, எந்தப் புறா கால்ல வேணா பாரு, பிளாஸ்டிக் வளையம் ஒண்ணு மாட்டியிருக்கும். சும்மா அழகுக்கு இல்ல. உள்ளாற எள்ளு சைஸுல ஒரு சில்லு இருக்குது. அதைச் சுத்தி முடி மாதிரி செம்புக் கம்பி சுத்தி வெச்சிருக்காங்க. பேட்டரி கெடையாது. கூண்டு வாசல்ல கறுப்பா பலகை தெரியுதா? அதான் ரீடரு. அதுக்குத்தான் கரண்டு. அது எந்நேரமும் கண்ணுக்குத் தெரியாம ஒரு அலையை விட்டுக்கினே இருக்கும். புறா அது மேல கால் வெச்சா, அந்த அலை பட்டு வளையத்துக் கம்பியில ரவ கரண்டு, துளியூண்டு, பொறக்கும். அந்த ரவ கரண்டுல சில்லு முழிச்சிக்கினு தன்னோட நம்பரைச் சொல்லும். உடனே பீப்னு ஒரு சத்தம். பக்கத்துல சீல் வெச்ச பொட்டி, இன்ன நம்பரு, இன்ன மணி, இன்ன நிமிஷம், இன்ன செகண்டுன்னு எழுதிக்கும். அவ்ளோதான், சில்லு திரும்பத் தூங்கிடும். வாத்தியார் எழுப்பிப் பேர் கேட்டா, பேரை ஒண்டி சொல்லிட்டு ஒக்காந்துக்குற புள்ள மாதிரி. நான் யாரு வூட்டுது, எங்கேந்து வரேன், எத்தினி மைல் பறந்தேன், அது ஒண்ணும் அதுக்குத் தெரியாது. நம்பர் ஒண்டிதான்.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறியா? கிளப்பு செக்ரெட்டரி டேனியல் சாரு வந்து எங்க வூட்டுக்காரருக்கு ரெண்டு மணி நேரம் பாடம் நடத்தினாரு. நான் பாட்டுக்கு ஓரத்துல ஊக்கு தெச்சிக்கினு இருந்தேன், காதுல வுழுந்துச்சு. நானா எதுவும் கேக்கலை. கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். டோல்கேட்டுல காரு கண்ணாடியில ஒட்டுறாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணான்னு கேட்டேன். அண்ணன் தம்பி மாதிரி, ஆனா அது தூரத்துலயிருந்தே படிக்கும், இது ஒரு ஜாண் தாண்டினா செவிடும்மான்னாரு. சோக்கா சொல்லிக் குடுப்பாரு. எங்க வூட்டுக்காரருக்குத்தான் ஒண்ணும் ஏறலை.

மொத ரேஸு நெல்லூரு. ரேஸுக்கு முந்தின நாள் அந்தப் பலகையைப் பாத்தா ஒரே எச்சம். கருமம். அதைத் தொடைக்க இந்த மனுஷன் என் பிளவுஸ் துணியில கை வெக்கிறாரு! ஒரு கஸ்டமரோடது, லைனிங்கோட எடுத்து வெச்சிருந்தேன். அதான் நான் யோசனை பண்ணி, ஒரு பெரிய அலுமினியத் தட்டைக் கழுவி பலகை மேல கச்சிதமா போட்டு வெச்சேன். எச்சம் வுழுந்தா தட்டை எடுத்துக் கழுவிக்கலாம், பலகை சுத்தமா இருக்கும். நல்லதுக்குத்தானே?

ஞாயித்துக்கிழமை புறா வந்துச்சு, டங்கு டங்குன்னு தட்டு மேல நடந்துச்சு, உள்ள போயிடுச்சு. பீப் வரலை. எங்க வூட்டுக்காரரு அதைப் புடிச்சு வெளிய வுட்டு திரும்ப நடக்க வெக்கிறாரு, வரலை. பொட்டியைத் தட்டுறாரு, வயரை ஆட்டுறாரு, பல்லைக் கடிக்கிறாரு. இருபத்தஞ்சு நிமிஷம். டேனியல் சாரு போன்ல, மேல ஏதாவது தகரம் கிகரம் இருக்குதா தேசிங்குன்னு கேக்குறாரு. தகரமோ அலுமினியமோ நடுவுல வந்தா அந்த அலையை அப்படியே அமுக்கிடுமாம். வளையத்துக்கு ஒண்ணுமே போய்ச் சேராது. அப்புறம் அது எங்க முழிக்கிறது, எங்க நம்பர் சொல்றது? மூணாவதா வந்த புறா முப்பத்தி ஆறாவதா பதிவாயிடுச்சு. எதிர்வூட்டு சாந்தகுமாரி வரைக்கும் கண்ணால பாத்தாங்கன்னு இவரு கிளப்புல சத்தம் போட்டாரு. மெஷின்ல வுழுகலைன்னா புறா வரலைன்னு அர்த்தம்னு சொல்லிட்டாங்க.

தட்டு வெச்சது நான்தான். அதுக்கு இன்னா இப்ப? தட்டு வெக்கக்கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா? ஆனா இவரு வந்து, "நீ வேணும்னே பண்ணே நவநீதம். உனக்கு மாடி வேணும், அதான்"னாரு. எனக்கு சுர்ருனு ஏறிச்சு. "வேணும்னு பண்றவளா இருந்தா பதினோரு வருஷம் முன்னாடியே பிரியாணி போட்டிருப்பேன்"னேன். வார்த்தை வளந்துச்சு. கடைசியில அவங்க அம்மா போட்டோ மேல கை வெச்சு சொன்னாரு: "இந்த சீசன்ல என் புறா ஒண்ணாவது மொதல்ல வரும். வரலைன்னா என் புறா அத்தினியும் யாருக்காவது குடுத்துட்டு மாடியை உனக்கு வுட்டுடுறேன்." சாந்தகுமாரி சாட்சி. "என் புறா"ன்னுதான் சொன்னாரு. நீ ஞாபகம் வெச்சுக்கோ.

ரெண்டாவது ரேஸு, போச்சு. மூணாவதுல நல்லா வந்துக்கினு இருந்த ஆம்பளைப் புறாவை வழியில பைரி, அதான் அந்த வல்லூறு, அடிச்சுத் துன்னுடுச்சு. பாவம். அன்னிக்கு இவரு சோறு துன்னலை. நானும் துன்னலை, எனக்கு வயித்துல ஏதோ சரியில்ல. நாலாவது ரேஸுல ராயபுரம் ஐசக்குதான் கப்பு வாங்கினாரு. எப்பவும் அவருதான் வாங்குவாரு. வாங்கிட்டு நம்ம வூட்டு வழியா பைக்ல ஆரனை அடிச்சிக்கினே போவாரு. அந்த ஆளு மூஞ்சியைப் பாத்தாலே எனக்கு ஆவாது.

மிச்சம் ஒரே ரேஸு. விஜயவாடா. நான் அந்த வாரமே பெயிண்டரைக் கூப்பிட்டு போர்டு எழுதிட்டேன். இவரு அதைப் பாத்தாரு. "எழுத்து நல்லா இருக்குது"ன்னு ஒண்டி சொல்லிட்டு மாடிக்குப் போயிட்டாரு.

அன்னிக்குப் பொன்னேரியில எங்க அண்ணன் பேத்திக்குக் காது குத்து. நான் கிளிப்பச்சைப் பட்டுப் பொடவை, தலை நெறையப் பூவு, கை நெறைய வளையலு, கீழ ஆட்டோ வந்து நிக்குது. கொழம்பு அடுப்பு மேல இருக்குதுன்னு சொல்லிட்டுப் போவோம்னு மேல ஏறினேன். மணி பன்னெண்டு அடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கும். வடக்கால ஒரு புள்ளி தெரிஞ்சுச்சு கண்ணு. ரெக்கையை மடக்கிக்கினு, கல்லு வுட்ட மாதிரி எறங்குது. யாருன்னு நினைக்கிறே? மூக்கி! அவரு முந்நூத்திப் பதினொண்ணுன்னுதான் கூப்பிடுவாரு. மூக்கு மேல வெள்ளையா உப்பலா இருக்கும், அதனால நான் மூக்கின்னு வெச்சேன். பொட்டை. அதோ அந்த வரிசையில ரெண்டாவதா ஒக்காந்து நம்மளையே மொறைக்குதே, அதான்.

இவரு போனைப் போட்டுக் கேக்குறாரு, ஐசக்குக்கு இன்னும் வரலை. யாருக்குமே வரலை. மூக்கிதான் மொதோ. எறங்கி ரெண்டு எட்டு வெச்சு அந்தப் பலகை மேல ஏறினா முடிஞ்சுது.

அது இன்னா பண்ணிச்சு? போய் தண்ணி டேங்க் மேல ஒக்காந்துக்கிச்சு.

கழுத்தை நீட்டி என்னைப் பாக்குது. இவரு விசில் அடிக்கிறாரு, கம்பு டப்பாவை ஆட்டுறாரு, ம்ஹூம். டேங்குக்கும் பலகைக்கும் பத்து அடிதான். பத்து அடியில வளையம் செவிடு, நான் சொன்னேனே. அது நானூறு கிலோமீட்டர் பறந்து வந்தாலும் ஒண்ணுதான், வராமயே இருந்தாலும் ஒண்ணுதான். புடிச்சுக் கொண்டாந்து வெக்கலாம்னு ஏறினா, பறந்து போயிட்டா அவ்ளோதான். "நவநீதம், நீ கீழ போ, உன்னைப் பாத்துதான் மெரளுது"ன்னாரு. நான் படி எறங்கினேன். அப்பவும் அது எறங்கலை. படிக்கட்டையே பாத்துக்கினு ஒக்காந்திருக்குது.

எனக்குப் புரிஞ்சு போச்சு. தோ பாரு கண்ணு, இவரு எட்டு மணிக்குப் போனா ஆறு மணிக்கு வராரு. நடுவுல இதுங்களுக்கு மத்தியானத் தீனி போடறது யாரு? காத்தா வந்து போடும்? நான்தான். பாவம் பாத்து இல்ல, போடலைன்னா கத்தும், அதுக்காக. காப்பிக் கலரு நைட்டி, அது மேல இவரோட பழைய சட்டை. தெனமும் அதே வேஷம்தான். புறாவுக்குப் புதுசா ஏதாவது கண்ல பட்டா ஆவாது. பளபளன்னு கிளிப்பச்சையில ஒருத்தி வந்து நின்னா, இவ யாரோ, நம்ம ஆளைக் காணோமேன்னுதானே அது ஒக்காந்திருக்கும்? விஷயம் அவருக்குத் தெரியாது. தன்னோட விசிலுக்குத்தான் புறா எறங்குதுன்னு பத்து வருஷமா நெனச்சிக்கினு இருக்காரு.

ஆட்டோக்காரன் ஆரன் அடிக்கிறான். செருப்பை மாட்டினா பொன்னேரி. மாடி எனக்கு. நான் ஒண்ணும் பண்ண வேணாம், ஒரு தப்பும் பண்ணலை, காது குத்துக்குத்தான் போறேன். யாரும் என்னை ஒரு வார்த்தை கேக்க முடியாது.

ஒரு செருப்பை மாட்டிட்டேன், மெய்யாலுமே. அப்ப படியேறி மேல ஒரு தரம் எட்டிப் பாத்தேன். பாத்திருக்கக் கூடாது. இவரு அந்தப் பலகை பக்கத்துல முட்டி போட்டுக்கினு இருக்காரு. விசில் அடிக்கிறாரு, சத்தம் வரலை. வாய் வறண்டு வெறும் காத்துதான் வருது. கத்தலை, திட்டலை. காத்து ஒண்டி வருது. மாட்டின செருப்பைக் கழட்டிட்டேன். புறாவுக்காகத்தான் சொல்றேன். விடிய சொல்ல கெளம்பின ஜீவன், ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காம வெயில்ல ஒக்காந்திருந்தா யாருக்குத்தான் மனசு கேக்கும்?

நைட்டி கொடியில ஈரமா கெடக்குது. அவுத்துக் கட்ட ஏது நேரம்? பட்டுப் பொடவை மேலயே மாட்டினேன். பூவைப் பிச்சுப் போட்டேன், வளையலைக் கழட்டிக் கடாசினேன், அந்தப் பழைய சட்டையை எடுத்து மேல போட்டுக்கினேன். ரெண்டு ரெண்டு படியா ஏறினேன். டப்பாவைப் புடுங்கி ஒரு ஆட்டு ஆட்டினேன். "மூக்கி! இன்னாடி பவுசு உனக்கு? எறங்குடி, கொழம்பு தீயுது!"ன்னேன்.

தொப்புன்னு எறங்குச்சு. எறங்கி, ஒரு தரம் என்னை ஏற எறங்கப் பாத்துட்டு, ஆடி அசைஞ்சு நடந்து பலகை மேல காலை வெச்சுது. பீப்.

ஒம்போது நிமிஷம் டேங்க் மேல ஒக்காந்திருந்துச்சு அந்தக் கழுதை. இவரு என் கையைப் புடிச்சுக்கினு, "பாத்தியா, கடைசியா அடிச்சேனே அந்த விசிலு, அதுக்குத்தான் எறங்குச்சு"ங்கிறாரு! நான் அந்த ஈர நைட்டியைக் கழட்டிப் புழிஞ்சேன். மாடி போன துக்கம் எனக்கு. பட்டுப் பொடவை பூரா ஈரம் வேற. ஆட்டோவும் போயிடுச்சு, பஸ்ஸு புடிச்சு பொன்னேரிக்கு ரெண்டரை மணிக்குப் போய்ச் சேந்தேன், அதுக்குள்ள காதும் குத்தி, பந்தியும் முடிஞ்சு, அண்ணி மொகத்தைத் தூக்கி வெச்சிக்கினு இருந்தாங்க.

சாயந்திரம் ஏழு மணிக்குக் கிளப்புல ரிசல்ட்டு. என்னையும் கூட்டிக்கினு போனாரு. ஒவ்வொருத்தர் பொட்டியையும் தொறந்து, அதுல வுழுந்த நேரத்தை எடுத்து, அவங்கவங்க வூடு எத்தினி தூரம்னு பாத்து, நிமிஷத்துக்கு எத்தினி மீட்டர்னு கணக்குப் போட்டாங்க. ஐசக்கு புறாவை விட மூக்கி நிமிஷத்துக்கு ரெண்டே ரெண்டு மீட்டர் ஜாஸ்தி. டேனியல் சாரு மைக்கைப் புடிச்சாரு. "விஜயவாடா ரேஸ், முதல் பரிசு, வளையம் நம்பர் முந்நூத்திப் பதினொண்ணு." இவரு சட்டையை இழுத்து வுட்டுக்கினு எழுந்துட்டாரு. டேனியல் சாரு புஸ்தகத்தைப் பொரட்டி, வெரலை வெச்சுப் பாத்து, "ஓனர், திருமதி தேசிங்கு நவநீதம்"னாரு.

நான்தான் சொன்னேனே, வளையத்துக்கு நம்பர் ஒண்டிதான் தெரியும். அது யாருதுன்னு கிளப்பு புஸ்தகம்தான் சொல்லணும். ஒரு ஆளு பேர்ல பத்து புறாவுக்கு மேல ரேஸுக்கு வுடக்கூடாதுன்னு அவங்களுக்கு ஒரு சட்டம். இருந்தது பதினாறு. அதனால எல்லாரும் பண்ற மாதிரி இவரும் மிச்சம் ஆறை பொண்டாட்டி பேர்ல எழுதிட்டாரு. சீசன் ஆரம்பத்துல ஒரு பாரம் கொண்டாந்து கையெழுத்துக் கேட்டாரு. கேஸ் சிலிண்டர் பாரம்னு நெனச்சு நானும் போட்டுக் குடுத்தேன்.

கப்பை வாங்கிக்கினேன். இவருதான் பெருசா கை தட்டினாரு. ஒண்ணும் புரியலை அந்த மனுஷனுக்கு. வூட்டுக்கு வந்து, பைக்கை ஸ்டாண்டு போட்ட அப்பால மெதுவா கேட்டேன்: "ஏங்க, இந்த சீசன்ல உங்க புறா ஒண்ணாவது மொதல்ல வந்துச்சா?" போட்ட ஸ்டாண்டைத் திரும்ப எடுத்துட்டாரு. சாந்தகுமாரி எதிர்வூட்டு வாசல்லயே சிரிச்சு சிரிச்சு ஒக்காந்துட்டாங்க.

ஆனா ஒண்ணு சொல்லணும், வாக்குன்னா வாக்கு அவருக்கு. திங்கக்கிழமை பட்டறைக்கு லீவு போட்டுட்டு, கூடை கொண்டாந்து பைரி அடிச்சது போக தன்னோட மிச்சம் ஒம்போதையும் அடைச்சாரு. ஒண்ணொண்ணா நெத்தியில தடவி அடைச்சாரு. எங்கேன்னேன். "ஐசக்கு எடுத்துக்குறேன்னாரு"ங்கிறாரு. ஐசக்கா! இத்தினி வருஷம் நான் மத்தியானத் தீனி போட்டு, இருமலுக்கு மருந்து ஊத்தி, வளத்து வெச்சிருக்கிறதை அந்த ஆளு கூண்டுக்கு அனுப்புவேனா? அதுலயும் மூக்கியோட ஜோடி அந்தக் கூடையில இருக்குது. இது இங்க கூவுது, அது அங்க கூவுது. சகிக்கலை எனக்கு. "எறக்கி வையிங்க கூடையை. யாருக்காவது குடுக்கணும்னுதானே பேச்சு? எனக்குக் குடுங்க"ன்னேன்.

அன்னிக்கே டேனியல் சாரு வூட்டுக்குப் போய் பேர் மாத்தினோம். ரெண்டே நிமிஷ வேலை. வளையத்துல ஒண்ணும் மாறலை, அது அதே நம்பரைத்தான் இன்னிக்கும் சொல்லுது. புஸ்தகத்துல ஒரு பேரை அடிச்சு ஒரு பேரை எழுதினாரு, அவ்ளோதான்.

ஆக, பந்தயத்துல ஜெயிச்சது நான். மாடி என்னோடது. கூண்டை எல்லாம் சுவரோரமா நிமித்தி வெக்கச் சொன்னேன், வெச்சாரு. இந்தப் பாதியில ரெண்டு மிஷின், அந்த ஓரத்துல வெட்டுற மேஜை. நாளைக்குப் பத்து மணிக்கு வா கண்ணு, டேப்பும் கத்திரிக்கோலும் கொண்டாந்தா போதும். ஞாயித்துக்கிழமை வராத, அடுத்த சீசனுக்கு ட்ரெய்னிங் வுடணும். அவரா? காலைல அஞ்சு மணிக்கு எழுந்து கூண்டு கழுவுறாரு, தண்ணி மாத்துறாரு. என்கிட்டதான் வேலை. ஆனா நேத்து நான் சோறு போடுறப்ப, தட்டைப் பாத்துக்கினே மென்னு முழுங்கி ஒண்ணு கேட்டாரு. "நவநீதம், உன் பேர்ல பத்துதானே ரேஸுக்குப் போவும், அஞ்சு சும்மாதானே இருக்குது. அதுல ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு, எனக்குத் தர்றியா?"

யோசிச்சு சொல்றேன்னிருக்கேன்.